கணக்கில் வராத இரக்கம்

யோர்தான் கரையில் சிலர் மரம் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். எலிசா தீர்க்கதரிசியோடு சேர்ந்து வாழ்ந்த சீடர் கூட்டம். இருக்கிற இடம் நெருக்கடியாகிவிட்டது, ஆளுக்கொரு உத்திரம் வெட்டிவந்து புதிதாக ஒன்று கட்டிக்கொள்ளலாம் என்று கிளம்பியவர்கள். ஒருவன் ஓங்கி வெட்டும்போது கோடரியின் இரும்பு காம்பைவிட்டுக் கழன்று ஆற்றில் விழுந்துவிடுகிறது. அவன் அலறிவிடுகிறான். கோடரி அவனுடையதில்லை, இரவல். எங்கே விழுந்தது என்று எலிசா கேட்கிறார். இடத்தைக் காட்டுகிறான். அவர் ஒரு கொம்பை வெட்டி அங்கே எறிகிறார். இரும்பு மிதந்து வருகிறது. எடுத்துக்கொள்ளச் சொல்கிறார், அவன் கையை நீட்டி எடுத்துக்கொள்கிறான்.

இரண்டாம் இராஜாக்கள் நூலின் ஆறாம் அதிகாரத்தில் ஏழு வசனங்களுக்குள் முடிந்துவிடும் கதை இது. கடல் பிளந்து வழிவிட்டதைச் சொன்ன அதே மரபு, ஓர் இரவல் கோடரிக்காகவும் தண்ணீரின் இயல்பு மாறியது என்று சொல்லும்போது படிப்பவருக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். இதற்கெல்லாமா கடவுள் என்று தோன்றும்.

அந்தக் கூச்சத்தைத் தள்ளிவைத்துவிட்டு அவன் அலறியதைக் கவனிக்கலாம். காலம் கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டு. இரும்பு புழக்கத்துக்கு வந்துவிட்டது, மலிவாகிவிடவில்லை. சொந்தமாகக் கோடரி வைத்துக்கொள்ள வக்கில்லாதவன்தான் இரவலுக்குப் போகிறான். இரவல் வாங்கிய மாடு செத்தாலோ அடிபட்டாலோ வாங்கியவன் ஈடு கட்ட வேண்டும் என்பது யாத்திராகமத்தில் உள்ள சட்டம். கோடரிக்கும் நியாயம் அதுவாகத்தான் இருந்திருக்கும். ஈடு கட்டக் கையில் ஒன்றுமில்லாதவன் கடன்படுவான். கடனை அடைக்க முடியாதவன் தன்னையோ பிள்ளைகளையோ அடிமையாகக் கொடுப்பான். ஆற்றுக்குள் போனது எவ்வளவு பெரிய பொருள் என்பது கரையில் நின்றவர்களுக்குத் தெரியும்.

இயற்கையின் விதி மீறப்படுவதையே அற்புதம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அப்படியொரு விதி தானாக இயங்குகிறது என்று இந்தக் கதைகளைச் சொன்னவர்கள் நினைக்கவே இல்லை. மழை பெய்வதும் கடவுளின் செயல், இரும்பு மிதப்பதும் கடவுளின் செயல். முன்னது அடிக்கடி நடக்கிறது, பின்னது எப்போதோ நடக்கிறது, அவ்வளவுதான். அவர்கள் அசைக்க முடியாதது என்று கருதிய விதி வேறு. வாங்கியவன் திருப்பிக் கொடுக்க வேண்டும். செய்தவன் அனுபவிக்க வேண்டும். பகைவனுக்குப் பகைதான் கூலி. தகுதி உள்ளவனுக்கே தயவு. இந்தக் கணக்கின்மேல்தான் அவர்களுடைய வீடும் சந்தையும் நீதியும் நின்றன. எலியா, எலிசா, யோனா கதைகளில் அற்புதம் போய் மோதுவது இந்தக் கணக்கோடுதான். சில இடங்களில் அது கணக்கை நேர்செய்கிறது. சில இடங்களில் கணக்குப் புத்தகத்தையே மூடிவிடுகிறது. மூடும்போது அதிகம் திகைப்பவர்கள், பல சமயம் கோபப்படுபவர்கள், தீர்க்கதரிசிகளே.

*

எலியாவும் எலிசாவும் நடமாடிய வட இஸ்ரவேல் வறிய நாடல்ல. கி.மு. 853-இல் கர்கார் என்ற இடத்தில் அசீரிய அரசன் மூன்றாம் சல்மனாசரை எதிர்த்த கூட்டணிக்கு ஆகாப் அரசன் 2,000 தேர்களும் 10,000 காலாட்களும் கொண்டுவந்ததாக அந்த அசீரியனின் கல்வெட்டே சொல்கிறது. திபானில் 1868-இல் கண்டெடுக்கப்பட்ட கல்லில், ஆகாபின் தகப்பன் உம்ரி தன் நாட்டை நெடுங்காலம் ஒடுக்கியதாக மோவாப் அரசன் மேசா குறைபட்டிருக்கிறான். தலைநகரான சமாரியாவைத் தோண்டியவர்களுக்கு நுணுக்கமான தந்தச் செதுக்கல்கள் கிடைத்தன. 1910-இல் அதே மேட்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தினர் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளை எடுத்தார்கள். எலிசாவுக்குப் பிந்திய தலைமுறைகளின் கணக்குச் சீட்டுகள் அவை: எந்த ஆண்டு, எந்த ஊர், யார் பெயரில், பழைய திராட்சைரச ஜாடி, எண்ணெய் ஜாடி.

ஊரின் எண்ணெய் எந்தப் பக்கம் ஓடியது என்பதற்கு அந்த ஓடுகளே சாட்சி. இராஜாக்கள் நூலுக்கோ கர்கார் போர் நடந்ததே தெரியாது, அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அதன் கண் இன்னொரு எண்ணெய்க் குடத்தின்மேல் இருக்கிறது.

சீடர் கூட்டத்தில் ஒருவன் இறந்துபோகிறான். கடன் கொடுத்தவன் அவனுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமையாக்கிக்கொள்ள வருகிறான். இது அந்தக் காலத்துச் சட்டத்துக்கு உட்பட்ட செயல். கடனுக்காகக் கொடுக்கப்பட்ட மனைவி மக்கள் மூன்று ஆண்டு உழைத்து நான்காம் ஆண்டு விடுதலை பெறலாம் என்று ஹம்முராபி சட்டத்தின் 117-ஆம் விதி சொல்கிறது. வீட்டில் என்ன இருக்கிறது என்று எலிசா கேட்கிறார். ஒரு குடம் எண்ணெயைத் தவிர வேறொன்றுமில்லை. அக்கம்பக்கத்தில் காலிப் பாத்திரங்களை இரவல் வாங்கி, கதவைப் பூட்டிக்கொண்டு ஊற்றச் சொல்கிறார். பிள்ளைகள் பாத்திரத்தை எடுத்துக் கொடுக்கக் கொடுக்க அவள் ஊற்றுகிறாள். இன்னும் ஒன்று கொண்டுவா என்கிறாள், இனி இல்லை என்கிறான் மகன். எண்ணெய் நின்றுபோகிறது.

இந்தக் கதையில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். கதவு பூட்டியிருக்கிறது, எலிசாகூட அங்கே இல்லை. வேடிக்கை பார்க்க ஒருவருமில்லாத அற்புதம். இன்னொன்று, கடன்பத்திரம் எரிந்துபோகவில்லை. கடன் கொடுத்தவன் மனம் திருந்தவில்லை, தண்டிக்கப்படவும் இல்லை. எண்ணெயை விற்று அவனுடைய பணம் முழுவதும் கொடுக்கப்படுகிறது, மீதியில் தாயும் பிள்ளைகளும் பிழைக்கிறார்கள். அடுத்த நூற்றாண்டில் இதே நாட்டில் ஏழையை ஒரு ஜோடிச் செருப்புக்கு விற்கிறவர்கள்மேல் ஆமோஸ் சீறினான். அந்தச் சீற்றம் இங்கே இல்லை. கணக்கு அப்படியே இருக்கட்டும், இந்த வீடு மட்டும் அதற்கு இரையாகாமல் தப்பட்டும் என்கிற அளவுக்கே இந்த இரக்கம் போகிறது. புரட்சியை எதிர்பார்ப்பவருக்கு இது குறையாகப்படலாம். அன்று மாலை தன் இரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டவளுக்கு அப்படிப்பட்டிருக்காது.

அடுத்த கதையில் கணக்கு இன்னும் சிக்கலாகிறது. சூனேம் ஊரில் வசதியான பெண்ணொருத்தி. வழிப்போக்கராக வரும் எலிசாவுக்குச் சோறு போடுகிறாள். பிறகு கணவனிடம் சொல்லி மாடியில் சிறிய அறை ஒன்று கட்டுகிறாள். உள்ளே ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு விளக்கு. இவ்வளவு செய்தவளுக்குப் பதிலுக்கு என்ன செய்வது என்று எலிசாவுக்கு உறுத்துகிறது. அரசனிடமோ படைத்தலைவனிடமோ உனக்காகப் பேசட்டுமா என்கிறார். என் ஜனத்தின் நடுவே நன்றாகத்தான் இருக்கிறேன் என்று அவள் மறுத்துவிடுகிறாள். அவளுக்குப் பிள்ளையில்லை என்று வேலைக்காரன் கேயாசி எடுத்துச் சொல்ல, அடுத்த ஆண்டு மகன் பிறப்பான் என்கிறார் எலிசா. என்னிடம் பொய் சொல்லாதீர்கள் என்கிறாள் அவள். பிள்ளை பிறக்கிறது. விருந்தோம்பலுக்கு ஈடு செலுத்தியாகிவிட்டது.

பிள்ளை வளர்ந்து ஓர் அறுவடை நாளில் வயலுக்குப் போகிறான். தலை வலிக்கிறது என்று தகப்பனிடம் சொல்கிறான். தூக்கிவந்து தாயின் மடியில் விடுகிறார்கள். நண்பகலில் செத்துப்போகிறான். அவள் அவனை அந்த மாடியறைக் கட்டிலில் கிடத்திக் கதவைச் சாத்திவிட்டு, கழுதையில் கர்மேல் மலைக்கு விரைகிறாள். எலிசாவின் காலைப் பிடித்துக்கொண்டு, நானா உம்மிடம் பிள்ளை கேட்டேன் என்கிறாள். தான் எதுவும் கேட்கவில்லை என்பதுதான் அவளுடைய வழக்கு. எலிசாவிடம் பதில் இல்லை. ஆண்டவர் இதைத் தனக்கு மறைத்துவிட்டார் என்கிறார். தீர்க்கதரிசி ஒருவர் தனக்குத் தெரியவில்லை என்று இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லும் இடங்கள் அபூர்வம்.

கேயாசி முன்னால் ஓடி எலிசாவின் கைத்தடியைப் பிள்ளையின் முகத்தின்மேல் வைக்கிறான். அசைவில்லை. தடியில் சக்தி இல்லை என்பதைக் கதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது. எலிசாவே வந்து கதவைப் பூட்டிக்கொள்கிறார். பிள்ளையின் வாயோடு வாயும் கண்ணோடு கண்ணும் கையோடு கையும் பொருந்த அவன்மேல் படுக்கிறார். உடம்பில் சூடு ஏறுகிறது, உயிர் வரவில்லை. எழுந்து வீட்டுக்குள் இங்குமங்கும் நடக்கிறார். திரும்பவும் போய்ப் படுக்கிறார். பிள்ளை ஏழு முறை தும்மிவிட்டுக் கண் திறக்கிறான். முதல் பிறப்பு கைம்மாறாக, ஒரு வார்த்தையில், போகிறபோக்கில் கொடுக்கப்பட்டது. இரண்டாவதோ உடம்பை உடம்போடு வைத்துப் பாடுபட்டுப் பெற்றது. பதிலுக்குப் பதில் என்று கொடுத்ததைக் காப்பாற்ற, பதில் எதிர்பார்க்காத இன்னொன்று தேவைப்பட்டது.

*

எலிசாவுக்கு முன்னவரான எலியாவின் கதை கோபத்தில் தொடங்குகிறது. ஆகாப் சீதோன் அரசனின் மகள் யேசபேலை மணந்து பாகாலுக்குக் கோயில் கட்டினான். என் வார்த்தை இல்லாமல் இந்த ஆண்டுகளில் பனியும் பெய்யாது, மழையும் பெய்யாது என்று எலியா அவனிடம் அறிவித்துவிட்டுப் போகிறார். சிரியக் கடற்கரையில் ராஸ் ஷம்ராவில் 1929 முதல் தோண்டியெடுக்கப்பட்ட களிமண் பலகைகளைப் படித்தவர்களுக்கு இந்தச் சவாலின் கூர்மை புரியும். அங்கே பாகால்தான் மேகத்துக்கும் மழைக்கும் அதிபதி. மழைத் தேவனின் தொழிலிலேயே எலியா கைவைக்கிறார்.

வறட்சி வந்தால் அரண்மனை முதலில் காய்வதில்லை. எலியா ஒளிந்திருந்த கேரீத் ஓடையே காய்ந்துபோகிறது. அதுவரை காலையும் மாலையும் அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்தவை காகங்கள், லேவியராகமம் அசுத்தமென்று ஒதுக்கும் பறவை இனம். பிறகு அவரைப் போகச்சொன்ன இடம் சாறிபாத். அது சீதோனுக்கு உட்பட்ட ஊர், யேசபேலின் சொந்த நாடு. அங்கே 1969-க்கும் 1974-க்கும் இடையில் ஜேம்ஸ் பிரிட்சார்ட் நடத்திய அகழாய்வில் குயவர் சூளைகள் வெளிப்பட்டன. பானை வனையும் அந்த ஊரில் ஒரு விதவையின் பானையில் ஒரு பிடி மாவும் கலயத்தில் கொஞ்சம் எண்ணெயும் மட்டுமே மிச்சம். சுள்ளி பொறுக்கி, கடைசியாக ஒரு அடை சுட்டு மகனோடு தின்றுவிட்டுச் சாகலாம் என்று இருக்கிறாள். முதலில் எனக்கொன்று சுட்டுக் கொண்டுவா என்கிறார் எலியா.

இந்தப் பெண் ஆகாபின் குடிமகள் அல்ல. எலியாவின் கடவுள் அவளுடைய கடவுளும் அல்ல. எங்கோ ஓர் அரசனுக்கும் தீர்க்கதரிசிக்கும் நடக்கும் தகராறில் அவளுடைய அடுப்பு அணைந்துபோயிற்று. மழை வரும் நாள்வரை அந்தப் பானையில் மாவு குறையவில்லை என்று கதை சொல்லும்போது, கருணை பகைவரின் நாட்டுக்குள் போனதைவிட முக்கியமான ஒன்று நடக்கிறது. தன் வார்த்தையால் பட்டினி கிடப்பவளின் முகத்தை எலியா நாள்தோறும் பார்த்துக்கொண்டு, அவள் கையால் சுட்டதையே தின்று உயிர்வாழ வேண்டியிருக்கிறது.

பிறகு அவளுடைய மகன் செத்துப்போகிறான். என் பாவத்தை நினைப்பூட்டி என் மகனைக் கொல்லவா வந்தீர் என்கிறாள். அவளுக்குத் தெரிந்த கணக்கு அதுதான். கடவுளின் ஆள் வீட்டுக்கு வந்ததால் கடவுளின் பார்வையும் வந்துவிட்டது, பழைய பாக்கி வசூலாகிறது. எலியா பிள்ளையை மாடிக்குத் தூக்கிப்போய் மூன்று முறை அவன்மேல் குப்புறப்படுத்து மன்றாடுகிறார். உயிர் திரும்புகிறது.

இந்த இடத்தில் பாபிலோனியத் தல்மூதின் சன்ஹெத்ரின் பகுதி ஒரு கதை சேர்க்கிறது. பேறுகாலத்தின் சாவி, மழையின் சாவி, உயிர்த்தெழுதலின் சாவி என்று கடவுளிடம் மூன்று சாவிகள் உண்டு. அவற்றை அவர் எந்தத் தூதரிடமும் ஒப்படைப்பதில்லை. மழையின் சாவியை எலியா கேட்டு வாங்கி வைத்திருந்தார். பிள்ளைக்காக உயிர்த்தெழுதலின் சாவியைக் கேட்கிறார். சீடனிடம் இரண்டு சாவி, குருவிடம் ஒன்று என்று ஊர் சொல்லாதா என்கிறார் கடவுள். அதைத் திருப்பிக் கொடு, இதை வாங்கிக்கொள். எலியா மழையின் சாவியைக் கொடுத்துவிடுகிறார். அடுத்த அதிகாரம் மழை வரப்போகிறது என்ற செய்தியோடு தொடங்குவதற்கு ரபீக்கள் கண்ட காரணம் இது. எத்தனை அழகான சூழ்ச்சி! ஒரு பிள்ளையைப் பிழைக்கவைக்க ஆசைப்பட்ட மனிதன், ஒரு நாட்டைக் காயவைக்கும் உரிமையை அதே கையில் வைத்திருக்க முடியாது.

*

பாத்திரமறிந்து பிச்சையிடு என்பார்கள் நம் பெரியவர்கள். நாகமான் கதை அந்த அறிவுரையைக் கேட்டதாகத் தெரியவில்லை. அவன் எதிரி நாடான சீரியாவின் படைத்தலைவன். அவனுடைய ஆட்கள் இஸ்ரவேலில் கொள்ளையிட்டபோது பிடித்துவந்த ஒரு சிறுமி அவன் மனைவிக்கு வேலைக்காரியாக இருக்கிறாள். அவனுக்குத் தோல்நோய். சமாரியாவிலுள்ள தீர்க்கதரிசியிடம் போனால் குணமாவாரே என்று எஜமானியிடம் சொல்பவள் அந்தச் சிறுமிதான். கதையின் முதல் இரக்கம் அவளுடையது. தன்னை வீட்டிலிருந்து பிடுங்கிவந்தவனுக்கு நலம் நினைக்கிறாள். அவளுக்குப் பெயர் கொடுக்கப்படவில்லை. திரும்பத் தன் ஊருக்குப் போனாளா என்றும் கதை சொல்லவில்லை. அந்தப் பாக்கி இன்றுவரை தீரவில்லை.

நாகமான் பத்துத் தாலந்து வெள்ளி, ஆறாயிரம் சேக்கல் பொன், பத்து மாற்று உடைகளோடு வந்து நிற்கிறான். விலை கொடுத்து வாங்கப் பழகியவன். எலிசா வெளியே வந்துகூடப் பார்க்கவில்லை, ஆள் அனுப்பி யோர்தானில் ஏழு முறை முழுகச் சொல்கிறார். எங்கள் தமஸ்குவின் ஆறுகளைவிட இது உசத்தியா என்று கோபித்துத் திரும்புகிறான். பெரிய காரியத்தைச் செய்யச் சொன்னால் செய்திருப்பீர்களே, இந்தச் சின்னக் காரியத்தைச் செய்தால் என்ன என்று வேலையாட்கள் சமாதானப்படுத்துகிறார்கள். முழுகுகிறான், குழந்தையின் தோல் போலாகிறது. வெகுமானத்தை எலிசா தொடவில்லை.

எடுத்தெறிந்து பேசியவனை எலிசா அடுத்து நடத்தும் விதம்தான் எனக்கு வியப்பு. இனி இஸ்ரவேலின் கடவுளையே தொழுவேன் என்று இரண்டு கோவேறு கழுதைப் பொதி மண் கேட்கும் நாகமான், தயங்கித் தயங்கி ஒரு மன்னிப்பும் கேட்கிறான். என் அரசர் ரிம்மோன் கோயிலில் என் கைமேல் சாய்ந்து வணங்கும்போது நானும் குனிய வேண்டியிருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்கிறான். பாகாலைச் சவாலுக்கு இழுத்த எலியாவாக இருந்தால் இடி விழுந்திருக்கும். எலிசா சமாதானத்தோடே போகச் சொல்லி அனுப்பிவிடுகிறார்.

கேயாசிக்குப் பொறுக்கவில்லை. பகைநாட்டானைச் சும்மா விடுவதா என்று பின்னாலேயே ஓடி, பொய் சொல்லி, இரண்டு தாலந்து வெள்ளியும் இரண்டு மாற்று உடைகளும் வாங்கிவந்து ஒளித்துவைக்கிறான். இலவசமாகக் கொடுக்கப்பட்டதற்கு விலைச்சீட்டு எழுதினான். நாகமானின் நோய் அவனைப் பிடித்துக்கொள்கிறது, அவன் சந்ததியையும் சேர்த்து. எதிரிக்கு இவ்வளவு தாராளம் காட்டியவர் கூடவே இருந்தவனுக்கு இத்தனை கடுமையா என்று கேட்கத் தோன்றும். ரபீக்களுக்கும் தோன்றியிருக்கிறது. இடது கை தள்ளட்டும், வலது கை அணைக்கட்டும், கேயாசியை இரண்டு கையாலும் தள்ளிய எலிசாவைப் போல் இருக்க வேண்டாம் என்பது தல்மூதின் அறிவுரை. எலிசா தமஸ்குவரை போய் அவனைத் திருப்பியழைக்கப் பார்த்ததாகவும் ஒரு கதை சொன்னார்கள்.

சாறிபாத் விதவையும் நாகமானும் பல நூற்றாண்டுகள் கழித்து இன்னொரு முறை சேர்ந்து பேசப்பட்டார்கள். நாசரேத்துத் தொழுகைக் கூடத்தில் இயேசு இவர்கள் இருவரையும் எடுத்துக்காட்டி, இஸ்ரவேலில் எத்தனையோ விதவைகளும் நோயாளிகளும் இருந்தபோது கருணை வெளியாருக்கே போனதை நினைவூட்டினார் என்று லூக்கா எழுதுகிறார். அதுவரை அவர் பேச்சைப் புகழ்ந்த சொந்த ஊர்க்காரர்கள் அவரை மலை விளிம்புக்கு இழுத்துப்போனார்கள். இரண்டும் அவர்களுடைய வேதத்திலேயே இருந்த கதைகள்தான். கதையாகக் கேட்கும்வரை இனித்தன.

*

இந்தக் கதைகளில் இரத்தமும் இருக்கிறது. கர்மேல் மலையில் வானத்திலிருந்து நெருப்பு இறங்கிப் பலியையும் கல்லையும் தண்ணீரையும் பட்சித்த பிறகு, எலியா பாகாலின் தீர்க்கதரிசிகள் 450 பேரையும் கீசோன் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய் வெட்டுகிறார். எலிசாவை மொட்டைத்தலையா என்று கேலி செய்த பிள்ளைகளில் 42 பேரை இரண்டு கரடிகள் பீறிப்போடுகின்றன. இதற்கு நொண்டிச் சமாதானங்கள் நிறைய உண்டு. பிள்ளைகள்மேல் கரடியை ஏவியதற்காக ஒன்று, கேயாசியைத் தள்ளியதற்காக ஒன்று, சாவுக்கென்று ஒன்று என எலிசாவுக்கு மூன்று நோய்கள் வந்தன என்று சொன்ன பழைய ரபீக்களின் நேர்மை அவற்றில் இல்லை.

மூலக்கதையே தன் வழியில் ஒரு தீர்ப்புச் சொல்கிறது என்று நினைக்கிறேன். கர்மேல் வெற்றிக்கு மறுநாள் என்ன நடக்கிறது? யேசபேலின் ஒரு மிரட்டலுக்குப் பயந்து எலியா பாலைவனத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாவைக் கேட்கிறார். அவ்வளவு பெரிய நெருப்பும் அவ்வளவு இரத்தமும் ஒரு நாள்கூட அமைதி தரவில்லை. அவரை எழுப்பி உட்காரவைத்தது தழலில் சுட்ட ஓர் அடையும் ஒரு செம்பு தண்ணீரும். இதற்கு முன்பே ஆகாபின் அரண்மனை அதிகாரி ஒபதியா, யேசபேலிடமிருந்து தப்பிய நூறு தீர்க்கதரிசிகளைக் கெபிக்கு ஐம்பது பேராக ஒளித்துவைத்து அப்பமும் தண்ணீரும் கொடுத்துவந்தான். பஞ்ச காலத்தில், அரசியின் மூக்குக்குக் கீழே. அதை யாரும் அற்புதம் என்று சொல்வதில்லை.

ஓரேப் மலையில் காற்றும் நிலநடுக்கமும் நெருப்பும் கடந்துபோகின்றன, அவற்றில் கடவுள் இல்லை. பிறகு வந்த மெல்லிய சத்தத்தில் எலியாவிடம் கேட்கப்படுவது முன்பு கேட்ட அதே கேள்வி: இங்கே உனக்கு என்ன வேலை? எலியாவும் முன்பு சொன்ன அதே பதிலையே ஒப்பிக்கிறார். எல்லோரும் உடன்படிக்கையை மீறிவிட்டார்கள், நான் ஒருவனே மிச்சம். உடனே அவருடைய இடத்துக்கு எலிசாவை அபிஷேகம் செய்யும்படி உத்தரவு வருகிறது. மெக்கில்தா என்ற பழைய யூத உரை இதைப் பதவி நீக்கமாகவே வாசித்தது. எலியா தகப்பனின் மானத்துக்காக வாதாடினார், பிள்ளைகளுக்காக வாதாடவில்லை. அப்படிப்பட்ட தீர்க்கதரிசனம் போதும் என்று கடவுள் நிறுத்திக்கொண்டார்.

கீசோனுக்கு எதிரில் வைத்துப் பார்க்க வேண்டிய கதை தோத்தான் ஊரில் நடந்தது. தன் போர்த் திட்டங்களையெல்லாம் எலிசா வெளிப்படுத்திவிடுகிறார் என்று சீரிய அரசன் அவரைப் பிடிக்கப் படை அனுப்புகிறான். அந்தப் படை கண்மயங்கிப்போகிறது. எலிசாவே வழிகாட்டிச் சமாரியாவின் நடுவே கொண்டுவந்து நிறுத்துகிறார். கண் தெளிந்தபோது எதிரியின் தலைநகரில் நிற்கிறார்கள். வெட்டட்டுமா, தகப்பனே என்று இஸ்ரவேல் அரசன் பறக்கிறான். எலிசா தடுத்து, அவர்கள் முன் அப்பமும் தண்ணீரும் வைக்கச் சொல்கிறார். அரசன் பெரிய விருந்தே வைத்து அனுப்புகிறான். சீரியக் கொள்ளைக் கூட்டங்கள் அதன்பின் வரவில்லை என்று கதை முடிகிறது. ஆனால் அடுத்த வசனத்திலேயே சீரிய அரசன் பெனாதாத் முழுப்படையோடு சமாரியாவை முற்றுகையிடுகிறான், ஒரு கழுதைத்தலை 80 வெள்ளிக்கு விற்கிறது. இரண்டையும் ஒட்டிவைத்த தொகுப்பாளர் அந்த முரணைப் பூசி மெழுகவில்லை. விருந்து நிரந்தர அமைதிக்கு உத்தரவாதம் தரவில்லை. இரக்கம் பலிக்கும் என்பதற்காகக் காட்டப்பட்டதும் அல்ல.

*

யோனாவை எல்லோருக்கும் மீனால் தெரியும். மீன் இந்தக் கதையின் சிறிய அற்புதம். இரண்டாம் இராஜாக்கள் நூலில் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு யோனா ஒரே வசனத்தில் வந்துபோகிறான். அந்தப் பெயரை வைத்து இந்தச் சின்னப் புத்தகத்தை எழுதியவர் மிகவும் பிற்பட்டவர், பாபிலோனியச் சிறையிருப்புக்குப் பிந்தியவர் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அப்படியானால் அவருக்கு நினிவே யார் என்று நன்றாகத் தெரியும். கி.மு. 722 வாக்கில் சமாரியாவை அழித்து வட இஸ்ரவேலை இல்லாமல் செய்தது அசீரியா. கி.மு. 701-இல் லாகீசைப் பிடித்த சனகெரிப், அந்த வெற்றியை நினிவே அரண்மனைச் சுவரில் செதுக்கிவைத்தான். இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் பலகைகளில் கழுவேற்றப்பட்டவர்களையும் தோலுரிக்கப்படுகிறவர்களையும் பார்க்கலாம். கி.மு. 612-இல் நினிவே விழுந்ததை நாகூம் தன் புத்தகம் முழுக்கக் கொண்டாடுகிறான். உன் கொடுமைக்குத் தப்பியவர் யார் என்று கேட்டு முடிக்கிறான். அந்தக் கேள்வி நியாயமானது.

இப்படிப்பட்ட நகரத்துக்குப் போகச் சொன்னால் யோனா நேர் எதிர்த்திசையில் தர்ஷீசுக்குக் கப்பலேறுகிறான். புயலில், வேறு தெய்வங்களைக் கும்பிடும் மாலுமிகள், அவனே சொல்லியும் அவனைக் கடலில் எறிய மனம் வராமல் கரைசேரத் துடுப்பு வலிக்கிறார்கள். தீர்க்கதரிசியைவிட அவர்களுக்கு உயிரின் அருமை தெரிந்திருக்கிறது. கடைசியில் கடலில் எறியப்பட்டு, மீன் விழுங்கிக் கரையில் கக்கிய பிறகு, நினிவேக்கு வந்து எபிரேயத்தில் ஐந்தே சொற்களில் பிரசங்கம் செய்கிறான்: நாற்பது நாளில் நகரம் கவிழும். அரசன் சிங்காசனத்தைவிட்டு இறங்கிச் சாம்பலில் உட்காருகிறான். ஆடுமாடுகளுக்கும் உபவாசம், அவற்றுக்கும் இரட்டுத் துணி. கடவுள் மனமிரங்குகிறார்.

யோனாவுக்குக் கடுங்கோபம். நீர் இரக்கமுள்ளவர், நீடிய சாந்தமுள்ளவர், இப்படித்தான் செய்வீர் என்று தெரிந்தே ஓடிப்போனேன் என்கிறான். பொன் கன்றுக்குட்டியைச் செய்த பிறகும் இஸ்ரவேல் அழியாமல் தப்பியது எந்தக் குணத்தால் என்று மோசேக்கு அறிவிக்கப்பட்டதோ, அதே குணத்தைத்தான் யோனா குற்றச்சாட்டாகப் படிக்கிறான். தன் முன்னோரைக் காப்பாற்றியது, பகைவரையும் காப்பாற்றினால் அது அநியாயமாகிவிடுகிறது. நகரத்துக்கு வெளியே குடிசை போட்டு என்ன ஆகிறதென்று பார்க்க உட்காருகிறான். ஓர் ஆமணக்குச் செடி நிழல் தருகிறது, மறுநாள் புழு அரித்துப் பட்டுப்போகிறது. செத்தால் தேவலை என்கிறான். நீ நடாத, நீ வளர்க்காத செடிக்காக இத்தனை பரிதாபப்படுகிறாயே, வலக்கை இடக்கை தெரியாத ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களும் எத்தனையோ மிருகங்களும் இருக்கும் நகரத்துக்காக நான் பரிதாபப்படக் கூடாதா என்று கேட்கிறார் கடவுள். நாகூமின் புத்தகத்தைப் போலவே இதுவும் கேள்வியோடு முடிகிறது. யோனா என்ன சொன்னான் என்று எழுதவில்லை.

நினிவேயில் கண்ணீர் விட்டவர்களின் பேரப்பிள்ளைகள் பிறகு என்ன செய்தார்கள் என்பது ஆசிரியருக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதியிருக்கிறார். அந்த நகரத்தின் மேட்டில், இன்றைய மோசுலில், யோனாவின் சமாதி என்று நம்பப்பட்ட இடத்தைச் சுற்றி எழுந்த பள்ளிவாசல் நூற்றாண்டுகளாக வழிபாட்டிடமாக இருந்தது. 2014 ஜூலையில் ஐஎஸ் அமைப்பினர் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். தங்கள் மண் அழியும் என்று காத்திருந்தவனையே அந்த ஊர்க்காரர்கள் தங்கள் தீர்க்கதரிசியாகக் கொண்டாடிவந்திருக்கிறார்கள்.

யூதர்கள் இந்தப் புத்தகத்தை வாசிக்க ஒதுக்கிய நாள் யோம் கிப்பூர். ஆண்டு முழுவதும் செய்த பிழைகளுக்குப் பட்டினி கிடந்து மன்னிப்புக் கேட்கும் நாளின் பிற்பகலில், பசியும் களைப்பும் உச்சத்தில் இருக்கும்போது, இது முழுவதும் படிக்கப்படுகிறது. தன் கணக்கைத் தள்ளுபடி செய்யச் சொல்லி ஒருவன் கடவுளிடம் மன்றாடிக்கொண்டிருக்கிறான். அவனைப் பார்த்து, உன்னை அழித்தவனுடைய கணக்கையும் நான் தள்ளுபடி செய்தால் உனக்குச் சம்மதமா என்று கேட்கிறது அந்தக் கடைசி வரி. மன்னிப்பு வேண்டுமென்றால் அந்தக் கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும் என்று முடிவு செய்தவர்கள், மனித மனத்தை நன்றாக அறிந்தவர்கள்.